அழுகைக்கு மட்டுமோ கலை? தில்லையடியை முன்னிறுத்தி ஒரு மறுப்புரை

துயரத்தைச் சித்திரிக்கும் கலையே ஆழமானது. மகிழ்ச்சியைச் சித்திரிக்கும் கலை மேலோட்டமானது என்றொரு கருத்து எம்மிடையே வேரூன்றியுள்ளது. இதனை எவரும் ஒரு கோட்பாடாக வகுத்துக் கூறியதாகத் தெரியவில்லை. ஆயினும், கவிதைப் போட்டிகளின் தீர்ப்புரைகளிலும், நூல் மதிப்புரைகளிலும், எமது விரிவுரை மண்டபங்களிலும் இதுவே அளவுகோலாக நின்று தொழிற்படுகின்றது. மரணத்தில் முடியும் சிறுகதை கனமான படைப்பு எனப்படுகின்றது. மணவினையில் முடியும் சிறுகதை வார இதழுக்குரிய பொழுதுபோக்கு என ஒதுக்கப்படுகின்றது. ஒரு படைப்பில் மாந்தர் மனம்விட்டுச் சிரித்துவிட்டால், படைப்பாளி சமூகத்தைக் காணத் தவறிவிட்டார் என்று முடிவுகட்டப்படுகின்றது.

இவ்வளவுகோல் பிழையானது, அத்துடன் அநீதியானது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும். மகிழ்ச்சியைச் சித்திரிக்க அறியாத கலை இழப்பையும் சித்திரிக்க அறியாது. ஒருவன் எதனை இழந்தான் என்று கூறாது, அவன் அழுகின்றான் என்று மட்டும் கூறுவது, களவுபோன பொருள் யாதென எழுதாமல், பறிகொடுத்தவன் கண்ணீர் விட்டான் என்று மட்டும் முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பதை ஒக்கும். அத்தகைய முறைப்பாட்டினால் கள்வனுக்கு யாதொரு தீங்கும் விளையப்போவதில்லை.

இதனை வெறுங் கோட்பாடாகப் பேசுவதிற் பயனில்லை. ஓர் ஊரை முன்னிறுத்திப் பேசுவோம். புத்தளம் நகரை அடுத்துக் கரையோரப் பகுதியில் அமைந்துள்ள தில்லையடியே அவ்வூர்.

ஓர் ஊரும் அதன் ஒற்றை முகமும்

1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம் மக்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர் என்பது பலராலும் எடுத்தாளப்படும் மதிப்பீடாகும். யாழ்ப்பாண நகரில் ஒக்ரோபர் 30ஆம் நாள் அவர்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரமே. நகைகளும் பணமும் பறிக்கப்பட்டன. மன்னார்த் தீவினர் பலர் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். இவ்வாறு வெளியேற்றப்பட்டோருட் பெரும்பாலோருக்குப் புத்தளம் மாவட்டமே புகலிடமாயிற்று. தில்லையடியும் அதனைச் சூழ்ந்த பகுதிகளும் கிடுகுக் கொட்டில்கள் நிறைந்த முகாம்களாயின. சில வாரங்களில் மீண்டுவிடலாம் என எண்ணி வந்தோர் அங்கேயே பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, மணமுடித்துக் கொடுத்து, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டனர். 2009இல் போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் வடக்கே மீண்டனர். ஒரு பகுதியினர் புத்தளத்திலேயே தங்கினர். இரண்டு ஊர்களுக்கும் இடையே அலைவோரும் உளர்.

இம்மக்களைப் பற்றி எமது சஞ்சிகைகளிலும் சிறப்பு மலர்களிலும் வெளிவந்த கதைகளையும் கவிதைகளையும் ஒளிப்படங்களையும் ஒருசேர வைத்து நோக்குவோமாயின், ஒரே முகம் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். கிடுகுக் கொட்டிலின் வாயிலிலே குந்தியிருக்கும் மூதாட்டி. வெறும் வாளியோடு தண்ணீர்த் தாங்கியின் முன் நிற்கும் சிறுமி. அடகுவைத்த காப்பை நினைத்துப் பெருமூச்செறியும் தாய். இவை பொய்யல்ல. ஆனால் இவை மட்டுமே கூறப்படும்போது உண்மை குறைபடுகின்றது. அம்மூதாட்டி கொட்டில் வாயிலிற் குந்துவதற்கு முன் எவ்வாறு வாழ்ந்தாள்? யாரோடு சிரித்தாள்? அவளுடைய வீட்டு முற்றத்திலே பெருநாட் காலையில் என்ன நடந்தது? அச்சிறுமி வளர்ந்து மணமுடித்த நாளில் அதே தில்லையடியில் எத்தனை பேர் கூடிச் சகனைச் சுற்றியமர்ந்து உண்டனர்? இக்கேள்விகளுக்கு எமது இலக்கியம் மிகக் குறைவாகவே விடை தந்துள்ளது.

இதற்கு இரக்கமின்மை காரணமன்று. எமது எழுத்தாளர்கள் இரக்கம் உடையவர்களே. குறைபாடு இரக்கத்தின் தன்மையிலேயே உள்ளது. அழுகையை மட்டும் எழுதுபவன் அழுபவனிடத்திலிருந்து ஒரு தூரத்தில் நின்றே எழுதுகின்றான். ஒருவர் அழுவதை வீதியில் நின்றும் காணலாம். அவர் மகிழ்வதைக் காணவேண்டுமாயின் வீட்டினுள்ளே அழைக்கப்படல் வேண்டும். உடனமர்ந்து உண்ணல் வேண்டும். அவ்வீட்டின் வேடிக்கைப் பேச்சு விளங்குமளவுக்கு அம்மக்களின் மொழிவழக்கை அறிதல் வேண்டும். மகிழ்ச்சியை எழுதுதல் கடினமான பணி. அப்பணியிலிருந்து தப்புவதற்கே ஆழம் என்ற சொல்லை நாம் கேடயமாகப் பிடித்திருக்கின்றோம்.

இரவல் அளவுகோல்

துன்பமே உயர்ந்த கலையின் பொருள் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பியத் திறனாய்வு எமக்குத் தந்த பலவற்றுள் இதுவும் ஒன்று. அரிஸ்ரோட்டிலின் 'கவிதையியல்' இன்று கிடைக்கும் வடிவிற் பெரும்பகுதி அவலநாடகத்தையே ஆராய்கின்றது. இன்பியல் நாடகத்தைப் பற்றிய பகுதி அழிந்துபோயிற்று என்பது அறிஞர் பலரின் துணிபு. பாதி அழிந்த ஏட்டை முழு ஏடாகக் கருதிப் பிற்காலத்தார் பாடங் கேட்டனர். அவர்களிடம் நாம் பாடங் கேட்டோம். நூலின் மற்றப் பாதியும் எஞ்சியிருந்தால் நகைச்சுவையை இரண்டாந்தரமாகக் கொள்ளும் துணிவு இவ்வளவு எளிதில் எமக்கு வந்திருக்குமோ என்பது ஐயத்துக்குரியது.

ரோல்ஸ்ரோயும் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அவருடைய 'அன்னா கரேனினா' மகிழ்ச்சியான குடும்பங்களிடையே வேறுபாடு இல்லை என்ற கருத்தோடு தொடங்குகின்றது. அத்தொடக்கத்தை மனப்பாடமாக வைத்திருப்போர் நாவலின் எஞ்சிய பகுதியை மறந்துவிடுகின்றனர். லெவின் குடியானவரோடு சேர்ந்து புல்லரியும் நாளின் களிப்பும், அவனும் கிற்றியும் சீட்டாட்ட மேசைமீது சுண்ணக்கட்டியால் முதலெழுத்துக்களை மட்டும் எழுதி ஒருவர் மனத்தை மற்றவர் அறியும் காட்சியும், உலக இலக்கியத்தில் வேறெந்தக் குடும்பத்துக்கும் உரியன அல்ல. மகிழ்ச்சி எங்கும் ஒரே மாதிரியானது என்ற கூற்றை அந்நாவலே மறுத்துவிடுகின்றது.

எமது மரபு இவ்விடயத்தில் மிகத் தெளிவானது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளை வகுக்குமிடத்து நகையை முதலிலும் உவகையை இறுதியிலும் வைக்கின்றது. அழுகையும் இளிவரலும் அச்சமும் வெகுளியும் இவ்விரண்டுக்கும் இடையிலேயே இடம்பெறுகின்றன. மேலும், உவகை பிறக்கும் நிலைக்களங்கள் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்காகப் பகுக்கப்படுகின்றன. அழுகைக்கும் நான்கு, உவகைக்கும் நான்கு. ஒன்றை ஆழமென்றும் மற்றதை மேலோட்டமென்றும் தொல்காப்பியர் கூறவில்லை. மகிழ்ச்சி ஒரே தன்மைத்து என்று கருதுவோர், அதன் தோற்றுவாய்களே நால்வகைப்படும் என்று கூறும் ஓர் இலக்கணம் தம் கையில் இருப்பதை எண்ணிப்பார்த்தல் நன்று.

தண்டியலங்காரம் பெருங்காப்பியத்தின் உறுப்புக்களைக் கூறுமிடத்து மணம்புணர்தல், பொழில் விளையாட்டு, புனல் விளையாட்டு, மகப்பேறு என்பனவற்றையும் தூது, செலவு, போர், வெற்றி என்பனவற்றையும் ஒருங்கே எண்ணுகின்றது. நாட்டுப் படலத்தையும் நகரப் படலத்தையும் கம்பர் முதலில் அமைத்ததற்குக் காரணம் வெறும் வருணனை ஆசையன்று. காட்டுக்குச் செல்பவன் எதனை விட்டுச் செல்கின்றான் என்பது கேட்போனுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். உமறுப்புலவரும் சீறாப்புராணத்திலே இவ்வழியையே பின்பற்றினார். அரபு நாட்டைப் பாடவந்த அவர் அந்நாட்டைத் தமிழ்நாட்டின் மழையும் ஆறும் வயலும் கொண்ட நாடாகவே படைத்தார். பாலைநிலத்தில் வயலேது என்று வினவும் நடப்பியல்வாதி அப்புலவரின் நோக்கத்தை அறியாதவர். தமிழ் முஸ்லிம் தன் மகிழ்ச்சியைத் தன் மொழியிலும் தன் நிலத்திலுமே கண்டான் என்பதற்கு அப்படலம் ஒரு சாட்சி. அத்தகைய மக்களையே 1990இல் இம்மண் உமக்குரியதன்று என்று கூறி அனுப்பினர்.

புறநானூற்றின் 194ஆம் பாடலில் பக்குடுக்கை நன்கணியார் ஓரூரில் ஒரு மனையில் சாப்பறையும் இன்னொரு மனையில் மணமுழவும் ஒருங்கே ஒலிப்பதைக் காட்டுகின்றார். இவ்வுலகைப் படைத்தவனைப் பண்பில்லாதவன் என்று கடியவும் அவர் தயங்கவில்லை. ஆயினும், அவர் அங்கே நின்றுவிடவில்லை. உலகத்தின் இயல்பை உணர்ந்தோர் இனியவற்றைக் காணவேண்டும் என்றே பாடலை முடிக்கின்றார். உலகம் கொடியது என்று அறியாதவனுக்கு அவர் இவ்வறிவுரையைக் கூறவில்லை; அறிந்தவனுக்கே கூறுகின்றார். எமது வாதத்தின் சாரம் அப்புலவரிடமே உள்ளது. கலையில் மகிழ்ச்சி என்பது துன்பத்தை அறியாதவனின் பேதைமையன்று. துன்பத்தை அறிந்தபின் எஞ்சும் துணிவு அது.

காலந்தோறும் மகிழ்ச்சி

இஃது எமக்கு மட்டும் உரிய சிந்தனையன்று. இத்தாலியில் செர்வெத்தேரி என்னுமிடத்திற் கிடைத்த கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எத்துருஸ்கச் சுடுமண் சிற்பமொன்று உரோம் நகரிற் பேணப்படுகின்றது. கணவனும் மனைவியும் விருந்து மஞ்சமொன்றிலே ஒருவரையொருவர் அணைந்து சாய்ந்தவாறு முறுவலிக்கின்றனர். அது விருந்து மண்டபத்துக்காகச் செய்யப்பட்ட சிற்பமன்று. இறந்தோரின் சாம்பலையோ உடலையோ இடுவதற்கான பேழையின் மூடி. சாவின்மேல் வைக்கப்பட்ட சிரிப்பு அது. சித்தன்னவாசலின் 9ஆம் நூற்றாண்டு ஓவியத்திலே தாமரைக் குளமும் மீனும் அன்னமும் யானையும் மலர்பறிப்போரும் நிறைந்திருக்கக் காண்கின்றோம். உலகைத் துறந்த சமணரின் குகைக்கூரையிலே அக்குளம் தீட்டப்பட்டமை நோக்கற்பாலது.

எமது நாட்டுச் சீகிரியாவின் ஓவியப் பெண்கள், தந்தையைக் கொன்று அரசேறிய காசியப்பனின் காலத்தவர். அம்மன்னனின் குற்றம் வரலாற்றில் நிலைத்தது. ஆயினும், பின்வந்த நூற்றாண்டுகளிலே மலையேறி வந்த பொதுமக்கள் அவ்வோவியங்களைக் கண்டு வியந்து, களித்து, கேலிசெய்து, காதலித்து, கண்ணாடிச் சுவரிலே கவிதைகளைக் கீறிச் சென்றனர். அவற்றுள் 685ஐப் பேராசிரியர் செனரத் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். வணிகரும் துறவியரும் பெண்டிரும் போர்வீரரும் அங்கே பேசுகின்றனர். இலங்கையின் மக்கள் கலை மகிழ்ச்சியை வெளியிட அறியாதது என்று எவரும் கூறுதற்கில்லை.

பீற்றர் புரூகலின் 'உழவர் திருமணம்' ஏறத்தாழ 1567இல் தீட்டப்பட்டது. அதே 1567இல்தான் ஸ்பானிய மன்னனின் படைத்தலைவனான அல்பா கோமகன் நெதர்லாந்தை அடக்குவதற்குப் படையோடு வந்து சேர்ந்தான். தூக்குமரங்கள் எழுந்த நாட்டிலே, கதவுப் பலகையொன்றைச் சுமந்து உணவு பரிமாறும் உழவரையும், தட்டை வழித்து நக்கும் சிறுவனையும் அக்கலைஞன் வரைந்தான். அவ்வோவியத்தைக் காண்பவன் ஓர் உழவர் ஊரின் மகிழ்ச்சி எவ்வளவு எளிய பொருள்களால் ஆனது என்பதை அறிவான். படை வந்து எதனை மிதித்தது என்பதையும் அதனாலேயே அறிவான்.

இவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. தில்லையடியைப் போலவே புத்தளம் நகருக்கு அண்மையில் உள்ள சிரம்பியடியில், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகியோரின் காலங்களில் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படையினராகவும் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். அவர்களிடையே எஞ்சியுள்ள பெருஞ்செல்வம் 'மாஞ்சா' எனப்படும் பாடல்களாகும். போர்த்துக்கேயக் கலப்புமொழியில் அமைந்த குறுகிய பாடல்கள் அவை. மெதுவாகத் தொடங்கி, தாளம் விரைய விரைய, அமர்ந்திருப்போர் எழுந்து ஆடும் தன்மையன. பெயரும் மதமும் மொழியும் மாறிப்போன மக்களிடத்திலே ஆட்டமும் தாளமும் மாறாது நின்றன. அடிமை முறையின் வரலாற்றை எழுதுபவர் அப்பாடல்களைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவாராயின், அம்மக்கள் தம்மிடமிருந்து பறிக்க விடாத ஒன்றை அவரே பறித்தவராவார்.

தில்லையும் ஆனந்தமும்

தில்லையடி என்ற பெயரும் எமக்கு ஒன்றை நினைவூட்டுகின்றது. தில்லை என்பது கண்டற்காட்டு மரம். அதன் பால் கண்ணிற் பட்டாற் பார்வையைக் கெடுக்கும். புத்தளக் களப்பைச் சார்ந்த கண்டற்காடுகளிலும் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்திலும் அம்மரம் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வாய்த்ததும் அம்மரத்தாலேயே. அத்தில்லையிலேதான் தமிழர் தம் கலையின் உச்சமாக ஆனந்தத் தாண்டவத்தைக் கண்டனர். கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1918இல் வெளியிட்ட 'சிவநடனம்' என்னும் நூலினூடாக அவ்வாடலின் பொருளை மேலைநாட்டார் அறிந்தனர்.

சமய நம்பிக்கையை ஒருபுறம் வைத்து, சோழர் காலச் செப்புத் திருமேனியைக் கலைப்படைப்பாக மட்டும் நோக்குவோம். ஒரு கையில் துடி, ஒரு கையில் தீ, காலடியில் முயலகன், சுற்றிலும் சுடர்விடும் திருவாசி. அழிவின் அடையாளங்கள் யாவும் அங்கே உள்ளன. முகத்திலோ முறுவல். அழிவை மறைத்துவிட்டு ஆனந்தத்தைக் காட்டச் சிற்பி முயலவில்லை. அழிவை மட்டும் காட்டி ஆழம் என்று பெயர்பெறவும் முயலவில்லை. பார்வையைக் கெடுக்கும் மரத்தின் பெயர்கொண்ட ஊரிலே கண்திறந்து காணும் ஆனந்தத்தை அவன் வடித்தான். கடற்கரையின் மறுபுறத்தில் அதே மரத்தின் பெயரைத் தாங்கிய இன்னோர் ஊர் உள்ளது. அங்கும் தீயைக் கண்டவர்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய முறுவலைக் காண்பதற்கு மட்டும் எமக்கு ஏன் கண்ணில்லை?

மறுப்புக்கள் இரண்டு

இவ்வாதத்துக்கு எதிராக வலிமையான மறுப்புக்கள் இரண்டு உள. அவற்றைத் தட்டிக்கழித்தல் நேர்மையாகாது.

முதலாவது மறுப்பு: அதிகாரத்தில் இருப்போர் மகிழ்ச்சியைப் பொய்யாகப் புனைந்து கொடுமையை மறைப்பர் என்பது. இதற்குச் சான்று வேண்டுமாயின் தெரேசின் முகாமை நோக்கலாம். யூத இசைவாணர் ஹன்ஸ் கிராசா இயற்றிய 'பிருண்டிபார்' என்னும் சிறுவர் இசைநாடகம், நாசிகளின் அம்முகாமிலே 1943 செப்ரெம்பர் முதல் 55 தடவை மேடையேறியது. நடித்தோரும் பாடினோரும் அங்கு அடைக்கப்பட்டிருந்த சிறுவர்களே. 1944 யூன் மாதத்திற் செஞ்சிலுவைச் சங்கத்தார் வந்தபோது அதனை அவர்களுக்கு நடித்துக் காட்டினர். அவ்வாண்டே எடுக்கப்பட்ட பரப்புரைப் படத்திலும் அது சேர்க்கப்பட்டது. பின்னர் கிராசாவும் அச்சிறுவருட் பெரும்பாலோரும் ஓஷ்விற்சுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டனர்.

இந்நிகழ்ச்சி மகிழ்ச்சிக் கலைக்கு எதிரான சான்றாகக் காட்டப்படும். நாம் அதனை வேறாகக் காண்கின்றோம். நாசிகள் படம்பிடித்த மகிழ்ச்சி பொய். அச்சிறுவர்கள் பாடியபோது எய்திய மகிழ்ச்சி பொய்யன்று. உயிர்தப்பிய சிலர் முதுமையிலும் அப்பாடல்களை அன்போடு நினைவுகூர்ந்தனர். கொடியவன் ஒன்றைத் திருடிப் பயன்படுத்தினான் என்பதற்காக உடையவனிடமிருந்தும் அதனைப் பறித்தல் எந்த நீதி? பொய் மகிழ்ச்சிக்கும் மெய் மகிழ்ச்சிக்கும் வேறுபாடு காணும் வழி எளிது. பொய் மகிழ்ச்சிக்கு விலையும் வரலாறும் இல்லை. வானொலி விளம்பரத்திற் சிரிக்கும் குடும்பத்துக்கு நேற்று இல்லை; கற்பிட்டிக் கடற்கரையைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் வண்ணப் படத்தில் 1990 இல்லை. மெய்யான மகிழ்ச்சியைச் சித்திரிப்பவன் அதன் விலையையும் உடன் எழுதுவான். தில்லையடியில் ஒரு திருமணத்தை எழுதுபவன், மணமகளின் கழுத்திலுள்ள நகை பாட்டியின் நகையன்று என்பதையும் அந்நகை எங்கே பறிபோயிற்று என்பதையும் அறிந்தே எழுதுவான். சிரிப்பு குறையாது, உண்மையும் குறையாது.

இரண்டாவது மறுப்பு இதனினும் பாரதூரமானது. இடம்பெயர்ந்தோர் மகிழ்வதாகக் காட்டினால், அவர்கள் இங்கே நன்றாக வாழ்கின்றார்கள், மீள்குடியேற்றமும் காணியும் இழப்பீடும் எதற்கு என்று அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் கேட்பர். இவ்வச்சம் வீணானதன்று. பல ஆண்டுகள் கழிந்துவிட்டன, வீடு கட்டிவிட்டனர், அங்கேயே வாக்காளராகிவிட்டனர் என்ற பேச்சைக் கேளாதார் இலர். ஆகவே அழுகையை மட்டும் எழுதுவதே அம்மக்களுக்குப் பாதுகாப்பு என்று நல்லெண்ணமுடையோர் கருதுகின்றனர்.

இக்கருத்தை ஏற்பதென்றால், உரிமை கண்ணீருக்குக் கொடுக்கப்படும் கூலி என்பதையும் ஏற்கவேண்டும். பறிக்கப்பட்ட வீட்டின் உரிமை, உரியவர் எத்தனை நாள் அழுதார் என்பதில் தங்கியிருப்பதில்லை. அவர் தில்லையடியில் மகனுக்கு மணமுடித்து வைத்து மனம் நிறைந்திருந்தாலும், யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவிலுள்ள அவருடைய வீடு அவருடையதே. உரிமையைப் பெறுவதற்கு ஒரு மக்கள்கூட்டம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக முகத்தைச் சுளித்தபடியே இருத்தல் வேண்டும் என்று கேட்பது, அம்மக்களை இரண்டாம் முறை தண்டிப்பதாகும். 1990இல் ஊரைப் பறித்தார்கள். நாம் இப்போது சிரிப்பையும் பறிக்கின்றோம்.

கண்ணீர் முகம் காப்பாற்றும் என்பதும் உறுதியன்று. 1936இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டொரோதியா லாங் எடுத்த 'புலம்பெயர் தாய்' என்னும் ஒளிப்படம் உலகப் புகழ் பெற்றது. பிள்ளைகள் தோளிற் சாய, கன்னத்திற் கைவைத்துக் கவலையோடு நோக்கும் அம்முகத்தை அறியாதார் குறைவு. அப்பெண்மணியின் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்பது நெடுங்காலம் எவருக்கும் தெரியாது. 1978இல் அவர் செய்தியாளரிடம் பேசியபோது, அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றும் அது எடுக்கப்படாதிருந்தால் நன்றாயிருக்கும் என்றும் மனம் வெறுத்துக் கூறினார். ஒரு கணத்தின் கவலை அவருடைய வாழ்நாள் முழுவதற்கும் முகமாயிற்று. அவர் உழைத்தார், பிள்ளைகளை வளர்த்தார், சிரித்திருப்பார். உலகுக்கு அவை வேண்டியிருக்கவில்லை.

எழுதப்படாத கணக்கு

இனி, தமிழ் எழுத்தாளருக்கு மட்டும் உரிய ஒரு கடமையைப் பற்றிக் கூறவேண்டும். 1990க்குப் பின் வடக்கின் முஸ்லிம்களுக்காக வருந்தி எழுதிய தமிழர் உளர். அவர்களின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆயினும், வருத்தம் மட்டுமே எழுதப்படும்போது அத்துயரம் வெள்ளத்தாலோ புயலாலோ வந்த துயரம்போல் ஆகிவிடுகின்றது. செய்தவன் மறைந்துவிடுகின்றான், அழுபவன் மட்டும் எஞ்சுகின்றான். வாசகனும் உடன் அழுதுவிட்டுத் தன் கடன் தீர்ந்ததென எண்ணிக்கொள்கின்றான்.

மகிழ்ச்சியை எழுதினால் இத்தப்பித்தல் இயலாது. பெருநாளன்று வேலிக்கு மேலாக நீட்டப்பட்ட வட்டிலப்பக் கிண்ணத்தையும், தைப்பொங்கலன்று அதே வேலிக்கு மேலாகத் திரும்பிச் சென்ற பொங்கலையும் ஓர் எழுத்தாளர் உண்மையாகச் சித்திரிப்பாராயின், அடுத்த பக்கத்திலே வாசகன் தானாகவே கேட்பான்: 1990 ஒக்ரோபரில் வேலிக்கு இப்புறம் இருந்தவர் என்ன செய்தார்? எழுந்து நின்றாரா? வாயிலைச் சாத்தினாரா? அயல்வீட்டின் கதவையும் நிலையையும் பின்னர் யார் கழற்றிச் சென்றனர்? துயரம் இக்கேள்விகளைக் கேட்பதில்லை. பகிர்ந்துகொண்ட மகிழ்ச்சியே கேட்கின்றது. எம்மிடத்தில் மகிழ்ச்சி எழுதப்படாமைக்கு இதுவும் ஒரு காரணம் என்று நாம் கருதுகின்றோம். அஃது எமக்கு எதிரான சாட்சியம்.

புத்தளத்து மக்களைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். தாமும் செல்வர் அல்லாத அவர்கள், வந்தோருக்குத் தம் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் வளவுகளையும் திறந்துவிட்டனர். காலஞ்செல்ல, நீருக்கும் வேலைக்கும் வாக்குக்கும் இடையே பிணக்குகளும் எழுந்தன. அகதி இலக்கியம் அப்பிணக்குகளைக்கூட ஓரளவு எழுதியுள்ளது. இரு சாராரும் ஒரு பந்தலின்கீழ்ச் சம்பந்திகளாக அமர்ந்த நாளை எழுத மறந்துவிட்டது. எது சமூக வரலாறு? எது அரிதாகக் கிடைக்கும் ஆவணம்? நோன்புக் கஞ்சிக்கு எந்த ஊர்ப் பக்குவம் சிறந்தது என்று யாழ்ப்பாணத்தவரும் மன்னாரவரும் புத்தளத்தவரும் வாதிட்டுச் சிரிக்கும் ஒரு மாலைப்பொழுதில், இடப்பெயர்வு, நினைவு, ஒன்றுகலத்தல் ஆகிய அனைத்தும் அடங்கியுள்ளன. அதனை எழுதுவதற்குத் தக்க பயிற்சியை எமது திறனாய்வு மாணவருக்கு அளிக்கவில்லை.

எனவே, எமது வேண்டுகோள் இதுவாகும். துயரத்தை எழுதவேண்டாம் என்று நாம் கூறவில்லை; அவ்வாறு கூறுபவர் தில்லையடியின் வரலாற்றை அழிப்பவராவார். மகிழ்ச்சியையும் அதே கண்டிப்போடும், அதே நுணுக்கத்தோடும், அதே மதிப்போடும் எழுதுக என்றே கூறுகின்றோம். போட்டிக்கு வரும் கதைகளைத் தெரிவுசெய்யும் விரிவுரையாளர்கள், மாந்தர் அழுகின்றனரா என்று நோக்குவதை விடுத்து, அவர்கள் எதனை விரும்பினர், எதில் களித்தனர், எதற்காகச் சிரித்தனர் என்பதை ஆசிரியர் அறிந்து எழுதியுள்ளாரா என்று நோக்குவாராக. தமிழ்ச் சங்கத்தின் மாணவர்கள் அடுத்த விடுமுறையிலே தில்லையடிக்குச் சென்றால், முதியோரிடம் வெளியேற்றத்தைப் பற்றி மட்டும் கேட்டுத் திரும்பவேண்டாம். அதனை அவர்கள் பலமுறை பலரிடம் கூறிக் களைத்துவிட்டனர். அதற்கு முந்திய ஒரு பெருநாளைப் பற்றியும், அதற்குப் பிந்திய முதற் பெருநாளைப் பற்றியும் கேட்க. சொல்பவர் சிரித்தால் எழுதுகோலை மூடிவிடவேண்டாம். அப்போதுதான் எழுதவேண்டிய பகுதி தொடங்குகின்றது.